பாக்கெட்ல இருந்து வந்த அணில்

டெல்லி மயூர் விஹார்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "'ஆல் தட் பிரீத்ஸ்' பார்த்தேன். எங்க மொட்டை மாடிக்கு மேல சுத்துற அதே பருந்துங்க! ஆனா முதல் காட்சியில எலிங்க ஓடும்போது கேமரா அவ்வளவு நிதானமா நகருதே, டாக்குமெண்டரின்னா ஆடத்தானே செய்யும்? எல்லாம் செட்டப்பா? எங்க டிவில வேற சீரியல் மாதிரி வழவழன்னு தெரிஞ்சுது. நடுவுல ஒரு இடத்துல சிரிச்சுட்டேன், சிரிக்கலாமா?"

என்ன அருமையான கேள்வி! பார்க்காதவங்களுக்குச் சொல்லிடறேன். 2022ல ஷௌனக் சென் எடுத்த படம். நம்ம டெல்லி வஜீராபாத்ல நதீம், சவூத்னு அண்ணன் தம்பி, அடிபட்டு விழுற கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கறாங்க. பட்டம் விடுற மாஞ்சா நூல் இருக்கே, அதுல கண்ணாடித்தூள் பூசியிருக்கும், சிறகைக் கத்தி மாதிரி அறுத்துடும். கேன்ஸ்ல ஆவணப்படங்களுக்கான தங்கக் கண் விருது வாங்கின படம் இது.

செட்டப்பான்னா, கேமரா எங்க நிக்கணும்னு முடிவு பண்றது வேற, எதிர்ல இருக்கிற உயிர் என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுக்கறது வேற. எலிக்கு யார் சொல்லிக் கொடுக்கறது? இந்த மாதிரி ஷாட்டுக்கு ட்ரைபாடைத் தரையோட தரையா இறக்குவாங்க. மேல கேமராவைத் தாங்கித் திருப்புற ஃப்ளூயிட் ஹெட் இருக்கும், அதுல இழுவையை, அதாவது திருப்பும்போது இருக்கிற இறுக்கத்தை, கூட்டி வச்சா கை நடுங்கினாலும் படத்துல தெரியாது. எங்க ஆரம்பிச்சு எங்க நிக்கணும், ஃபோகஸ் எந்த இடத்துல மாறணும், எல்லாம் முன்னாடியே பார்த்து வச்சிடுவாங்க. கேமரா போற வழியில எலி வரலையா, அந்த டேக் போச்சு, மறுபடி காத்திருக்கணும். சத்தமும் அப்படித்தான். கேமராவோட இருக்கிற மைக்ல தூரத்து வண்டி இரைச்சல்தான் விழும். கீச்சு கீச்சுன்னு கேட்கணும்னா தனியா மைக்கைக் கிட்ட கொண்டுபோய் எடுத்து அப்புறம்தான் சேர்க்கணும்.

டிவி விஷயம் சின்னதுதான். சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம். புது டிவிங்க நடுவுல இல்லாத ஃப்ரேமைத் தானா உண்டாக்கிச் செருகுது. மெதுவா நகர்ற ஷாட்லதான் இது ரொம்பக் கண்ணை உறுத்தும். பிக்சர் செட்டிங்ல மோஷன்னு வர்றதை அணைங்க, இல்லேன்னா ஃபிலிம்மேக்கர் மோட் போடுங்க.

இப்போ சிரிப்புக்கு வர்றேன், எனக்கு இதைத்தான் பேசணும். அவங்க சிரிச்ச இடம் அந்த அணிலாத்தான் இருக்கணும். அந்த அண்ணன் தம்பிகூட வேலை பார்க்கிற சாலிக் வண்டியில போயிட்டிருக்கான். சட்டைப் பாக்கெட்ல கையை விட்டு ஒரு அணிலை எடுக்கறான்! அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை, ஏதோ சில்லறை எடுக்கிற மாதிரி எடுக்கறான். 'இப்ப பாருங்க, இப்ப பாருங்க'ன்னு யாரும் நம்மள உசுப்பலை.

'காதலிக்க நேரமில்லை' பத்தி முன்னாடியே நிறைய பேசியாச்சு, ஆனா திரும்பவும் சொல்றேன். நாகேஷ் கதை சொல்றது பாதிதான். கேட்டுட்டு உட்கார்ந்திருக்கிற பாலையா முகம் கொஞ்சம் கொஞ்சமா வெளிறுது பாருங்க, சிரிப்பு அங்கதான் இருக்கு. அது வெளிற நேரம் விட்டிருக்காரு ஸ்ரீதர். அவசரப்பட்டு வெட்டியிருந்தா வெறும் மிமிக்ரிதான் மிஞ்சியிருக்கும். 1964 காமெடிக்கும் 2022 ஆவணப்படத்துக்கும் ஒரே பொறுமைதான் வேணும்.

ஆஸ்கர் வாங்கின 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'லயும் குட்டி யானை ரகு பண்ற குறும்பு அவ்வளவு அழகு. ஆனா பல இடத்துல இசை முந்திக்கிட்டு 'சிரிங்க'ன்னு சொல்லிடுது, அங்க எனக்கு மனசு ஒட்டலை. நெட்ஃப்ளிக்ஸ்ல இந்தி டப்பிங் வந்து நின்னா ஆடியோவைத் தமிழுக்கு மாத்துங்க. ரகுவை வளர்க்கிற பொம்மனும் பெள்ளியும் யானைகிட்ட பேசுற குரலை இழந்துடாதீங்க.

அம்மா, அந்த அணில் காட்சியை ஒரு தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. அப்புறம் பாலையாவையும் அதே மாதிரி. எதுல சிரிப்பு வந்துச்சு, எந்த நொடியில வந்துச்சுன்னு கீழ எழுதுங்க, அடுத்த வீடியோவுல அதை வச்சே பேசலாம்.