அடிக்காமல் பிடித்துவைப்பது

எல்லோருக்கும் வணக்கம். அம்மாபேட்டை, சூரமங்கலம், அஸ்தம்பட்டி என்று சேலத்தின் நாலு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். பிள்ளையை ஜியு ஜிட்சுவில், அதாவது எதிராளியை அடிக்காமல் பிடித்து அடக்குகிற கலையில், சேர்த்தால் சண்டைக்காரனாகிவிடுவானோ என்ற கேள்வியோடுதான் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது எனக்கு 24 வயது. செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் வெள்ளிப் பட்டறையில் வேலை. ஒரு நாள் சாயங்காலம் ஐந்து ரோட்டில் என் வண்டியின் ஹேண்டில்பார் பக்கத்து வண்டிக்காரர் கையில் உரசிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னார், நான் இரண்டு சொன்னேன். ஓரம் கட்டினோம். "என்னடா பண்ணுவ?" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். நான் ஓங்கி ஒன்று விட்டேன். மனிதர் அப்படியே பின்னால் சாய்ந்தார். நடைபாதைக் கல்லில் தலை மோதிய சத்தம், கோயில் வாசலில் தேங்காய் உடைகிற சத்தம்தான். ஒரு நிமிடம் அவர் கண் திறக்கவில்லை.

பிறகு எழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெருச்சண்டையில் ஆளைக் கொல்வது பல நேரம் குத்து அல்ல, குத்து வாங்கியவன் விழுகிற தரை. அன்று எனக்குப் பலம் இருந்தது, கோபம் இருந்தது. அடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் இருந்ததுதான் குறை.

அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தக் கலைக்கு வந்தேன். இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882-ல் ஜிகாரோ கானோ தோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். பெலெம் நகரில் அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. அவருடைய தம்பி ஹேலியோ ஒல்லியான உடம்புக்காரர். பலத்தை நம்பாமல், நெம்புகோல்போல உடம்பைப் பயன்படுத்துகிற பிடிகளை அந்தக் குடும்பம் தீட்டித் தீட்டி வளர்த்தது. அதுதான் பிரேசிலிய ஜியு ஜிட்சு. 1993-ல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த யூஎஃப்சி என்ற, பல சண்டைக் கலைக்காரர்கள் மோதுகிற போட்டியின் முதல் பதிப்பில், ஹேலியோவின் மகன் ராய்ஸ், 80 கிலோ எடைதான், தன்னைவிடக் கனமான மூன்று பேரை ஒரே இரவில் வென்றார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

நமக்கு இது முழுக்க அந்நியமும் இல்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சங்கப் பாட்டு ஒன்று பாடுகிறது. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் போகிறது. அதை வாசித்தபோது, நாங்கள் பயிற்சி மெத்தையில் (மேட்) தினமும் செய்கிற பிடி கண்முன் வந்தது.

சரி, முதல் நாள் என்ன நடக்கும்? மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். 90 கிலோ ஆள் உங்கள் நெஞ்சின் மேல் ஏறி உட்காருவார். மூச்சு முட்டும். கை கால் தானாக உதறும். ஒரு நிமிடத்தில் இருக்கிற பலமெல்லாம் தீர்ந்துபோகும். அப்போது பயிற்சியாளர் பக்கத்தில் குனிந்து, "வாயை மூடு, மூக்கால மூச்சு விடு" என்பார். அவ்வளவுதான் முதல் பாடம். முடியவில்லை என்றால் எதிராளியின் மேல் இரண்டு தட்டு தட்டலாம். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். யாராக இருந்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது.

ஏற்காட்டிலிருந்து வண்டியில் இறங்கியவர்களுக்கு இது புரியும். 20 கொண்டை ஊசி வளைவு. புதிதாக ஓட்டுகிறவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார், பாதி வழியில் சூடேறிப் பிடிக்காது. பழகியவர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார். கோபமும் அப்படித்தான். உச்சத்துக்குப் போன பிறகு அடக்க முடியாது. நூறு நாள் கீழே கிடந்து நிதானமாக மூச்சு விட்டுப் பழகியவனுக்கு, "என்னடா பண்ணுவ?" என்ற சொல் முன்புபோல் சுடாது. அந்தக் கேள்விக்கான பதில் அவனுக்கே தெரியும், யாருக்கும் செய்துகாட்ட வேண்டியதில்லை.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பதில் முக்கால்வாசி, கை வைப்பதற்கு முந்தைய விஷயங்கள். கைகளை விரித்து நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பார்ப்பவருக்குச் சமாதானம் பேசுவதுபோல் இருக்கும், அடி வந்தால் தடுக்கவும் கை தயாராக இருக்கும். குரலைத் தாழ்த்துங்கள். விரலை நீட்டாதீர்கள். "தப்பு என் மேலதாங்க" என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தால் போய்விடுங்கள். சுற்றிலும் கூட்டம் நின்றால், அவர் மானத்தோடு விலக ஒரு வழி விடுங்கள். கத்தி இருந்தாலோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்தாலோ ஓடுங்கள். தார்ச் சாலையில் கட்டிப் புரளுவது இந்தக் கலை அல்ல.

விலகவே முடியாமல் போனால்? ஒன்று, கை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இல்லை, ஒட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் குத்து விழும்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாபேட்டையில் உறவினர் வீட்டுக் கல்யாணம். என் மாமா முறை ஒருவர், நன்றாகக் குடித்திருந்தார். பந்தியில் ஏதோ மரியாதைக் குறைவு என்று சாதக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சமையல்காரரை அடிக்கப் போனார். நான் குறுக்கே புகுந்து, என் தலையை அவர் தோளோடு ஒட்டி, இடுப்பைக் கட்டிக்கொண்டேன். கரண்டியை ஓங்க இடமில்லை. அப்படியே மெல்ல உட்காரவைத்து, ஜமக்காளத்தில் சாய்த்தேன். சாய்க்கும்போது என் ஒரு உள்ளங்கை அவர் பின்தலைக்கு அடியில் இருந்தது. ஐந்து ரோடு எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. குறுக்கே படுத்து, திமிறும் அளவுக்கு மட்டும் எடை கொடுத்தேன். கழுத்தில் கை வைக்கவில்லை, குப்புறப் போட்டு முதுகில் அழுத்தவும் இல்லை. குடித்தவருக்கு அதில் மூச்சே நின்றுவிடலாம். காதருகே, "மாமா, நான்தான். மூச்சு விடுங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலு நிமிடம் இருக்கும். அவர் உடம்பு தளர்ந்தது. "விடு மாப்ள" என்று சொல்லி அழுதுவிட்டார். அவர் மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, சமையல்காரர் மேல் ஒரு கீறல் இல்லை. நான் எழுந்ததும் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் அந்தச் சமையல்காரர்தான்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நமக்குத் தற்காப்பு உரிமை தருகிறது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் கேடு செய்ய உரிமை இல்லை என்று அதன் 37-ஆம் பிரிவு சொல்கிறது. கழுத்துப் பிடி சரியாக விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, சுமார் 10 நொடியில் ஆள் மயங்கிவிடுவார். அதைக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் எப்போது விட வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்காத இடத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். ஒரு பெண் எந்த நிலையை நினைத்து அதிகம் பயப்படுகிறாளோ, கீழே தள்ளப்பட்டு மேலே ஒருவன் இருப்பது, அதைத்தான் இங்கே முதல் பாடமாக எடுக்கிறோம். என் மகளுக்கு 14 வயது, 42 கிலோ. "அப்பா, மேல ஏறுங்க" என்பாள். என் ஒரு கையை மார்போடு இறுக்கிப் பிடிப்பாள். அதே பக்கத்துக் காலைத் தன் பாதத்தால் அடைப்பாள். இடுப்பை மேலே எக்கி, அந்தத் தோள் பக்கமாகப் புரட்டுவாள். நான் உருண்டுவிடுவேன். விட்டுக்கொடுத்து உருளவில்லை, ஊன்றுவதற்கு என்னிடம் கையும் இல்லை, காலும் இல்லை. அவள் அடுத்து என்னை அடிக்க நிற்க மாட்டாள். எழுந்து ஓடுவாள். அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். பத்து நாள் முகாமில் இது வராது. வெள்ளைப் பட்டையிலிருந்து கறுப்புப் பட்டைக்குப் பலருக்குப் பத்து வருடம் ஆகிறது. ஆறு மாதம் விடாமல் வந்தால், பிள்ளை வீட்டில் கதவை அறைந்து சாத்துவது குறைகிறதா என்று நீங்களே பாருங்கள்.

செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் 6 மணிக்கு மேட் விரித்திருப்போம். பெற்றோர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைகள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, மோதிரம், தோடு, கொலுசு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.