முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்

(குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான செப்டம்பரில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் விடியற்காலையில் புதுவைக்குப் பஸ் ஏறி, ஜிப்மர் மருத்துவமனையில் வரிசையில் நின்றவர்கள். மடியில் முடி கொட்டிய பிள்ளை, கையில் மஞ்சள் பை, பைக்குள் சிகிச்சைக் கோப்பு. அந்தக் கோப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் 30 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். என் தம்பி மகனுக்கு 14 வயதில் கழுத்தில் நெறி கட்டியது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு சுற்று மருந்து ஏறியது, பிள்ளை பிழைத்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பண்ருட்டியில் தெருவுக்கே சோறு போட்டான் என் தம்பி. பையனுக்கு மீசை அடர்ந்தது, வேலை கிடைத்தது, 27 வயதில் கல்யாணமும் ஆயிற்று. மூன்று ஆண்டுகள் பிள்ளை இல்லை. மருமகளைத்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை எல்லாம் அவளுக்கே. உறவில் ஒருத்தி, அவள் காதுபடவே, சொல்லக் கூடாத அந்தச் சொல்லைச் சொன்னாள். செவிலியான எனக்கும் அவனைச் சோதிக்கத் தோன்றவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் பார்த்தபோது விந்தில் ஓர் அணுகூட இல்லை.

பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினோம். கோப்பின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. உள்ளே ஒரு தாளில், நீல மையில், அவனுக்குத் தந்த மருந்துகளின் பெயர்கள். முதலில் சைக்ளோபாஸ்பமைடு. அடுத்த வரியில் புரோகார்பசின். இரண்டுக்கும் நேராக ஆறு டிக் குறிகள். பதினாறு ஆண்டுகளாக விடை எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது.

விந்தணு உண்டாகும் உறுப்புக்கே நம் மொழியில் விதை என்றுதான் பெயர். விவசாயி பட்டினி கிடந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டான். ஆணின் உடம்பிலும் அப்படி ஒரு விதைநெல் உண்டு. விந்தணுக்களைப் பிறப்பிக்கும் மூல அணுக்கள் அவை. சிறு வயதிலேயே அவை அங்கே இருக்கின்றன. அதனால் ‘வயதுக்கு வராத பையன், பாதிப்பு வராது’ என்ற எண்ணம் தவறு. சைக்ளோபாஸ்பமைடு, இபாஸ்பமைடு, புரோகார்பசின், புசல்பான் போன்ற மருந்துகள் புற்றணுவின் மரபுப் பொருளைச் சிதைப்பதுபோல் இவற்றையும் சிதைக்கின்றன. ஆண்மைச் சுரப்பைத் தரும் லெய்டிக் அணுக்கள் கொஞ்சம் உறுதியானவை, பெரும்பாலும் தப்பிவிடும். மீசையும் குரலும் தாம்பத்தியமும் குறைவில்லாமல் இருக்க, விந்தணு மட்டும் இல்லாமல் போவது இதனால்தான். வெளியே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆகும் என்று பயந்துவிடாதீர்கள். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 4 கிராமுக்குள் நின்றால் பெரும் பாதிப்புக்கு வாய்ப்புக் குறைவு. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை இந்த விஷயத்தில் அவ்வளவு கொடியவை அல்ல. விதையின் மீதே கதிர்வீச்சுக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. தலையில் கொடுத்திருந்தால், விதையை இயக்கும் சுரப்புகளை மூளைக்கு அடியிலிருந்து அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியையும் பார்க்க வேண்டும். பிழைத்தவர்களுக்கு இயல்பாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சிகிச்சையால் பிறவிக் குறை கூடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மருந்துகள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவைதான் அவனை உயிரோடு தந்தன. முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. 14 வயதில் அவன் பருவம் அடைந்திருந்தான். ஓரிரு நாள் போதும், விந்தைச் சேகரித்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருக்கலாம். உறைய வைத்த விந்தணுவிலிருந்து முதன்முதலில் கரு உண்டான செய்தி வந்தது 1953இல். அவ்வளவு பழைய நுட்பம் இது! மருந்து தொடங்கிவிட்டால் அணுவின் தரம் கெடும், ஆகவே முன்னதாகவே கேளுங்கள். பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது என்று கூச்சப்படும் தகப்பனுக்காகத்தான் செவிலியர் இருக்கிறோம், எங்களிடம் விடுங்கள்.

பருவம் அடையாத பையனுக்கு விதைத் திசுவை எடுத்து உறைய வைக்கும் முறை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அப்படி உறைய வைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி, அதில் விளைந்த விந்தணுவால் ஒரு குரங்குக் குட்டி பிறந்ததாக 2019இல் அறிவித்தார்கள்.

என் தம்பி மகனுக்கு அடுத்த மாதம் நுண்ணோக்கி வைத்து விதைத் திசுவில் விந்தணு இருக்கிறதா என்று தேடப் போகிறார்கள். சிலருக்கு அங்கங்கே சில அணுக்கள் கிடைக்கின்றன, சிலருக்குக் கிடைப்பதில்லை. மாமியார் வீட்டில் அவனே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன் சொல்லி முடிக்கும்வரை மருமகள் அவன் கையை விடவில்லை.

வாசல் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பழைய கோப்போடு வந்திருப்பவர்கள் அங்கே வாருங்கள். மருந்தின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம், மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தருகிறேன். எத்தனை மணி ஆனாலும் இருப்பேன்.