வாடகை வீடுதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட நண்பர்களுக்கும், நாற்காலி போதாமல் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

'கூகுள் தரும் சேவைகள் நமக்குச் சொந்த வீடா, வாடகை வீடா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி 'சொந்த வீடே' என்று அடித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். எழுந்ததும் ஜிமெயில், வண்டியை எடுத்தால் மேப், அடுப்பைப் பற்ற வைத்தால் யூடியூப், பிள்ளை கேள்வி கேட்டால் தேடல். 'இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம், ஒரு பைசா கொடுத்ததில்லை. வாடகையே வாங்காதவர் எப்படி வீட்டுக்காரர் ஆவார்?' என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குத் தட்டத்தான் வேண்டும்.

பதிலுக்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்று. நாங்கள் முன்பு இருந்த வாடகை வீட்டின் பின்புறம் என் மனைவி ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். அது லேசில் பிடிக்கிற செடியா? புளித்த மோர் ஊற்றி, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, இரண்டு வருஷம் தவமாய்க் கிடந்து வளர்த்தாள். இடுப்புயரம் தாண்டி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுக்கிற சமயத்தில் வீட்டுக்காரர் வந்தார். 'பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், ரெண்டு மாசத்தில் பார்த்துக்குங்க' என்றார். தங்கமான மனிதர், அட்வான்ஸைப் பைசா குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கறிவேப்பிலை மரத்தை டெம்போவில் ஏற்ற முடியுமா? ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அங்கே கார் ஷெட் நின்றது.

2013 மார்ச் 13. வலைப்பதிவு படிக்கிறவர்கள் பலருக்கு அந்தத் தேதி நினைவிருக்கும். நமக்குப் பிடித்த பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடரை மூடப்போகிறோம் என்று அன்றுதான் அறிவித்தார்கள். ஜூலை 1, கதை முடிந்தது. பயன்படுத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் கணக்குக்கு அது குறைவாக இருக்கலாம். நூறு தமிழ்ப் பதிவுகளை ஓடை ஓடையாகச் சேர்த்து, நட்சத்திரம் குத்தி, காலைக் காபியோடு படித்தவனுக்கு? அவனுக்கு அது கறிவேப்பிலை மரம்.

அப்புறம் ஆர்குட், நண்பர்களோடு கூடிப் பேச கூகுள் வைத்திருந்த தளம். முதுகில் தட்டுகிற மாதிரி ஸ்கிராப் எழுதினோம், கூச்சமே இல்லாமல் ஒருவரையொருவர் புகழ்ந்து டெஸ்டிமோனியல் எழுதினோம். பிரேசிலுக்கு அடுத்தபடி அதைத் தூக்கிச் சுமந்தது நம் இந்தியாதான். 2014 செப்டம்பர் 30-இல் பூட்டு. கூகுள் பிளஸ், 2019 ஏப்ரல் 2. பிகாசா, பனோரமியோ, பாட்காஸ்ட்ஸ்… கூகுள் மூடிய கடைகளைப் பட்டியல் போடுவதற்கென்றே ஒரு இணையதளம் இருக்கிறது. அதை முழுவதும் வாசித்தால் நடுவர் மணி அடிக்க மாட்டார், மேசையையே தட்டுவார்.

'மூடினார்கள் சரி, இருப்பதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களே' என்பீர்கள். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்ஸ்பாட்டில் பதிவு எழுதியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். அங்கே மூன்று, இங்கே இரண்டு. 2012 தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால் உங்கள் பதிவின் முகவரி மாறியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று இருந்தது, இந்தியாவிலிருந்து பார்த்தால் பிளாக்ஸ்பாட் டாட் இன் ஆனது. உங்களை யாரும் கேட்கவில்லை. பழைய முகவரிக்கே திருப்ப, வார்ப்புருவில் என்னென்னவோ நிரலை ஒட்டிப் பார்த்தார்கள் நம் பதிவர்கள். பிறகு 2018-இல் அவர்களாகவே டாட் காமுக்குத் திரும்பினார்கள். அதோடு விட்டதா? 2020-இல் அந்த டாட் இன் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டு, அது வேறு யார் கைக்கோ போய்விட்டது. அந்த முகவரியை நம்பி நண்பர்கள் கொடுத்த சுட்டி, புத்தகக் குறி, கட்டுரை அடிக்குறிப்பு எல்லாம் அந்தரத்தில் தொங்கின. உலகத்தின் பணக்கார நிறுவனங்களில் ஒன்று, சில நூறு ரூபாய் வருடக் கட்டணத்தில் நிற்கிற ஒரு பெயரை நழுவவிட்டது. நம் ஊரில் இதை என்ன சொல்வோம்? வீட்டுக்காரர் வீட்டு வரி கட்ட மறந்தார், குடியிருந்தவன் வாசலில் ஜப்தி நோட்டீஸ்!

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். வாடகை வாங்குகிறார்களா, இல்லையா?

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜிபி தருகிறோம் என்றார்கள். தேதியைப் பார்த்துப் பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். உண்மைதான் என்று தெரிந்ததும் ஓடிப் போய்க் குடியேறினோம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற பரம்பரை நாம், ஒரு ஜிபியை விடுவோமா? ஆனால் 2017 வரைக்கும் நம் கடிதங்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் விளம்பரம் வைத்தார்கள். ஆள் படிக்கவில்லை, இயந்திரம்தான் படித்தது. சரி, இயந்திரம்தான். வீட்டுக்காரர் அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, 'இன்னைக்கு முருங்கைக்காய் சாம்பாரா? நம்ம கடையில் நல்ல பெருங்காயம் வந்திருக்கு' என்றால், அவர் எட்டிப் பார்க்கவில்லை, அவர் வைத்த கேமராதான் பார்த்தது என்று சமாதானம் ஆவோமா? 2017-இல் அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள், நிறுத்தினார்கள். அதற்குள் பதின்மூன்று வருஷ வாடகை போயிருந்தது.

இன்னொரு கணக்கு. அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கில் வெளியே வந்த எண் இது. ஆப்பிள், சாம்சங் போன்றவர்களின் போனிலும் உலாவியிலும் தன் தேடல்தான் முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக, 2021 என்ற ஒரே வருஷத்தில் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ரூபாய் இல்லை அம்மா, டாலர். எதிரணியைக் கேட்கிறேன், சும்மா கொடுக்கிற மோரை எங்கள் தெருவில்தான் குடிக்க வேண்டும் என்று யாராவது 2,630 கோடி டாலர் செலவழித்துத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்களா? அந்த வழக்கில் 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நீதிபதி அமித் மேத்தா, தேடலில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது கூகுள் என்று தீர்ப்பு எழுதினார். அடுத்த வருஷம், கூகுள் தன் குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை, ஆனால் போட்டியாளர்களோடு சில தரவுகளைப் பகிர வேண்டும் என்றார். கூகுள் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு விஷயத்துக்காக 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் படித்தவர் அந்த நிறுவனத்தின் தலைமையில் இருக்கிறார் என்று எதிரணியில் ஒருவர் பெருமையோடு சொன்னார். எனக்கும் பெருமைதான். நம்ம ஊர்க்காரர் மேனேஜராக இருக்கிறார் என்பதற்காக லாட்ஜ் நமக்குச் சொந்தமாகிவிடுமா?

கண்ணுக்குத் தெரிகிற வாடகையும் வந்துவிட்டது. படங்களைச் சேர்த்து வைக்கிற கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் வையுங்கள், கணக்கே இல்லை என்றார்கள். பிறந்தநாள், காதுகுத்து, கும்பாபிஷேகம், கீழே விழுந்த பல் எல்லாவற்றையும் கொட்டினோம். 2021 ஜூன் 1 முதல் கணக்கு உண்டு, 15 ஜிபிதான் என்றார்கள். பழைய படங்களை அதில் சேர்க்கவில்லை, நல்ல மனசு. பிறகு, தனியாக இருந்த வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15 ஜிபிக்குள் வந்தது. என் மாமா தினமும் காலை ஐந்தரை மணிக்கு, ரோஜாப்பூ மேல் சூரியன் உதிக்கிற ஒரு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார். ஒரே நாளில் நான்கு குழுவில். என் போனில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று சிவப்பு எழுத்து வந்தபோதுதான் புரிந்தது, அத்தனை ரோஜாவுக்கும் நான்தான் இடவாடகை கட்ட வேண்டும். 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய். மாமாவிடம் சொல்ல முடியுமா? சொன்னேன். அடுத்த நாள் காலை, 'கோபம் வேண்டாம்' என்று ஒரு தாமரைப்பூ வந்தது.

சிரித்தது போதும், இப்போது சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

2021 பிப்ரவரி, சான்பிரான்சிஸ்கோ. கொரோனா காலம். ஒரு தகப்பனின் சின்ன மகனுக்கு அந்தரங்க உறுப்பில் வீக்கம். மருத்துவமனையில் நேரில் வர வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். எடுத்தார், அனுப்பினார். டாக்டர் மருந்து கொடுத்தார், பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. அந்தப் படம் போனிலிருந்து தானாகவே கூகுள் கணக்கிலும் ஏறியது. குழந்தைகளைத் துன்புறுத்தும் படங்களைப் பிடிக்க வைத்திருக்கிற இயந்திரம் அதைக் குறித்துக்கொண்டது. அப்படி ஓர் இயந்திரம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நாளில் அவருடைய கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சல் போச்சு. தொடர்பு எண்கள் போச்சு. பிள்ளை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் போச்சு. போன் இணைப்பே கூகுளுடையது என்பதால் போன் நம்பரும் போச்சு. போலீஸ் விசாரித்தது, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று எழுதி முடித்தது. அந்த விசாரணை அதிகாரி இவரைத் தொடர்புகொள்ளப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. எப்படி முடியும், போனும் மின்னஞ்சலும்தான் வேலை செய்யவில்லையே! போலீஸ் கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பவும் முறையிட்டார். கணக்கு திறக்கப்படவில்லை. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்ட பிறகும் கூகுள் தன் முடிவிலிருந்து இறங்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து வீட்டு வாடகைக்குப் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், தகராறு என்றால் வாடகை நீதிமன்றம் இருக்கிறது. சட்டைப் பையில் நூறு ரூபாய் இல்லாத குடித்தனக்காரனும் அங்கே போய் நின்று, 'ஐயா, என் பாத்திரம் பண்டம் உள்ளே இருக்கிறது, கதவைத் திறக்கச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். அந்தத் தகப்பன் யாரிடம் கேட்பார்? நாம் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று படிக்காமல் அமுக்கினோமே, அந்தப் பக்கங்களை எழுதியவரும் வீட்டுக்காரர், திருத்துகிறவரும் வீட்டுக்காரர், தகராறு வந்தால் முதலில் தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே. அதனால் நடுவர் அவர்களே, என் அணித் தலைப்பில் எனக்கே ஒரு சின்ன வருத்தம். வாடகை வீடு என்பதே கொஞ்சம் கௌரவமான பெயர்.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். டேக்அவுட். 'எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போக 2011-லிருந்தே வசதி செய்திருக்கிறார்களே' என்பார். உண்மை. நல்ல வசதி, இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை செய்து வையுங்கள். ஆனால் ஐயா, சொந்த வீட்டுக்கு யாராவது லாரியைத் தயாராக நிறுத்தி வைப்பார்களா?

அந்த லாரியில் ஏறாத பொருள் ஒன்றும் இருக்கிறது. உங்கள் முகவரி. 2011 ஜனவரியிலிருந்து இந்தியா முழுக்க, போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜிமெயில் முகவரியை அப்படி வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியுமா? வங்கி, வருமான வரி, பிள்ளையின் பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் அந்த ஒரே முகவரியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு வருஷம் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருந்தால் அந்தக் கணக்கை அழிக்கலாம் என்று 2023-இல் விதியும் வந்துவிட்டது. காலமான அப்பாவின் கணக்கு யார் வீட்டிலாவது அப்படியே கிடந்தால் இன்றைக்கே எட்டிப் பாருங்கள்.

தேடல் தமிழில் தேடுகிறது, மொழிபெயர்ப்பில் 2011-லிருந்து தமிழ் இருக்கிறது, வாயால் சொன்னால் எழுத்தாகிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. வீடு நல்ல வீடு. காற்றோட்டம் இருக்கிறது, தண்ணீர் வருகிறது. யாருடைய வீடு என்பதுதான் இன்றைய வழக்கு.

எதிரணிச் சகோதரி என் கையிலிருக்கும் தாளைக் காட்டிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார். கண்டுபிடித்துவிட்டார். ஆமாம் சகோதரி, இந்த உரையை நான் அடித்தது கூகுள் டாக்ஸில்தான். இந்த நூலகத்துக்கு வழி பார்த்து வந்ததும் மேப்பில்தான், அதுவும் பின்பக்கச் சந்தில் கொண்டுவந்து விட்டது. குடியிருக்கிறவன்தானே கூரை ஒழுகுவதைச் சொல்ல முடியும்? ஆனால் மேடைக்கு வருவதற்கு முன்னால் எதிர்க்கடையில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். இந்தத் தாளை யாரும் மூட முடியாது.

மணி அடித்துவிட்டார் நடுவர். தாளில் இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருக்கிறது. மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். வணக்கம்.