பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். காட்டு விலங்குகளின் தடம் பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "இது எதனுடைய கால்?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு உடனே பதில் சொல்லத் துடிக்கிறவர் கற்றுக்கொள்வது கஷ்டம். பெயர் வாயில் வந்துவிட்டால், அதற்கப்புறம் கண் அந்தப் பெயருக்குச் சாதகமானதை மட்டுமே பார்க்கும்.

தடத்தின் முன்னால் உட்காருங்கள். எத்தனை விரல்? நகம் பதிந்திருக்கிறதா? உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு எப்படி வளைகிறது? பூனை இனம் என்றால் அந்த விளிம்பு மூன்று பிரிவாகத் தெரியும். நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அது பெரும்பாலும் பதியாது. நாய் இனத்துக்கு நகம் பதியும், தடத்தின் இடமும் வலமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். இதையே "நகம் இருந்தால் நாய்" என்று யாராவது சுருக்கித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். சிவிங்கிப்புலி பூனை இனம்தான், அதற்கு நகம் பதியும். வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகத்தை நீட்டி ஊன்றும். கழுதைப்புலி நாய் இனமே இல்லை, அதற்கும் நகம் பதியும்.

நிற்கிற இடமும் முக்கியம். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் தடம் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயிலில் பள்ளத்தின் விளிம்பு நிழல் கட்டும். உச்சி வெயிலில் அதே தடம் காணாமல் போய்விடும்.

எப்போது போனது என்று சொல்வதுதான் இன்னும் சுவையான வேலை. தடத்தின் மேல் மழைத்துளிக் குழிகள் இருந்தால் மழைக்கு முன்னால் போயிருக்கிறது. இரவில் ஊரும் பூச்சியின் கோடு தடத்துக்குள் இறங்கி ஏறிப் போயிருந்தால், விடிந்தபின் பதிந்த தடம் அல்ல. பூச்சிக்கோட்டை மிதித்து அழித்திருந்தால் கதை மாறுகிறது. விளிம்பு உதிரும் வேகம் மண்ணையும் காற்றையும் பொறுத்தது, அதற்குப் பொது அட்டவணை கிடையாது. பக்கத்திலேயே உங்கள் கையை அழுத்திவிட்டு, சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். அந்த மண்ணுக்கு உங்கள் கையே அளவுகோல்.

இந்தியாவில் பல பத்தாண்டுகள் புலிகளைக் காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். ஒவ்வொரு புலியின் தடத்தையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்பது அந்த முறையின் அடிப்படை. ஆனால் ஒரே கால் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் பதியும், வரைந்தெடுக்கும் கைக்குக் கைகூட அளவு மாறும். 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. அதற்குச் சற்று முன்புவரை கணக்கேட்டில் அங்கே புலிகள் இருந்தன. அப்புறம்தான் தேசிய அளவிலான கணக்கெடுப்பு தானியங்கிக் கேமராக்களுக்கு மாறியது. ஒரு தடத்திடம் எவ்வளவு கேட்கலாம் என்ற எல்லை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேதனையான பாடம் எனக்குத் தெரியாது.

சரி, ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் போவோம். காலுக்கடியில் பார்த்துக்கொண்டே நடந்தால் சோர்ந்துபோவீர்கள். சில அடிகள் முன்னால் பாருங்கள். மடங்கிய புல், புரண்ட சருகு, பனித்துளி உதிர்ந்த கோடு எல்லாம் அப்போதுதான் தெரியும். தடம் விட்டுப்போனால் கடைசித் தடத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள், அதை மிதிக்காமல் சுற்றி வட்டமாகத் தேடுங்கள். அல்லது அந்த விலங்கு எங்கே போக நினைத்திருக்கும் என்று ஊகித்து அங்கே போய்ப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் லூயிஸ் லீபன்பெர்க் கலஹாரிப் பாலைவனத்தின் வேட்டைக் குடிகளான சான் மக்களோடு தடம் பிடித்துத் திரிந்தவர். இப்படி ஊகிப்பதும், தடம் மறுத்தால் ஊகத்தைக் கைவிடுவதும்தான் அறிவியல் சிந்தனையின் தொடக்கமாக இருக்கலாம் என்று அவர் வாதிடுகிறார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. கைவிடுவதுதான் இதில் கடினமான பாதி.

தொடங்குகிறவர்கள் தடத்தைப் பின்னோக்கிப் பிடியுங்கள். விலங்கு எங்கே படுத்தது, எதைத் தின்றது, எங்கே நின்று மோந்தது எல்லாம் கிடைக்கும். நீங்கள் அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருப்பதால் அதற்கும் தொந்தரவில்லை. குட்டியோடு இருக்கும் யானை, கரடி இவற்றின் புதுத் தடம் என்றால் அதைக்கூடச் செய்ய வேண்டாம். ஓசைப்படாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.