மகரம் என்றால் எது?

எல்லாருக்கும் வணக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே சற்று எட்டிப் பாருங்கள். உற்சவர் தலைக்கு மேலே திருவாசி வளைந்து நிற்கிறதே, அதன் இரண்டு பக்கத்து அடியிலும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பிராணி இருக்கும். தும்பிக்கை யானையுடையது, தாடை முதலையுடையது, வால் பக்கம் போனால் மீனும் இல்லை பறவையும் இல்லை, கொடிக்கருக்காக, அதாவது செதுக்கிய இலைக்கொடியாகச் சுருண்டு ஓடிவிடும். அதுதான் மகரம். ஸ்தபதிக்கு நல்ல வசதி, யாரும் நேரில் பார்த்ததில்லை, அதனால் இப்படி இருக்காதே என்று சண்டைக்கு வர ஆள் கிடையாது.

சரி, இது என்ன பிராணி? பழைய சொற்பொருள் நூலான நிகண்டைக் கேட்டால் சுறா என்கிறது. மன்மதன் கொடியில் இருப்பது மகரம் என்றும் சொல்வார்கள், சுறா என்றும் சொல்வார்கள். தனித்தமிழ்க்காரர்கள் தை மாதத்தைச் சுறவம் என்று எழுதுவதும் இதே கணக்கில்தான், சூரியன் மகர ராசிக்குள் நுழைகிற மாதம் அல்லவா. வடக்கே போனால் மகர் என்பது முதலை. கங்கைக்கும் வருணனுக்கும் வாகனம் அதுதான். மேல்நாட்டில் அதே ராசிக்கு முன்பாதி ஆடு, பின்பாதி மீன்!

எனக்குப் பிடித்த மகரம் தாமிரபரணிக் கரையில், தென்திருப்பேரையில் இருக்கிறது. நம்மாழ்வார் பாடிய ஊர், நவதிருப்பதிகளில் ஒன்று. அங்கே பெருமாளுக்குப் பெயரே மகரநெடுங்குழைக்காதர். கடலையே கலக்குவதாகச் சொல்லப்பட்ட பிராணி, இங்கே மீன் வடிவக் குழையாகிக் காதில் சாதுவாகத் தொங்குகிறது. கடலுக்கு மகர வாரி என்று பெயர் சொன்ன சிலப்பதிகாரக் காலத்து ஆட்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ. மகர யாழ் என்று ஒன்றும் உண்டு, அதைத் தொட்டால் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

அப்புறம், பள்ளியில் தமிழையா மகரக்குறுக்கம் என்று கரும்பலகையில் எழுதியபோது, நான் சுருங்கிப்போன ஒரு குட்டி முதலையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ, போலும் என்பது போன்ம் ஆகும்போது அரை மாத்திரை 'ம்' கால் மாத்திரையாகக் குறையும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இந்த மகரம் 'ம' என்ற எழுத்தோடு 'கரம்' என்ற சாரியை சேர்ந்து வந்தது, கடல் பிராணிக்கும் இதற்கும் பங்காளி முறைகூடக் கிடையாது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? எழுந்து நின்று, "அது கடிக்குமா ஐயா?" என்று கேட்டேவிட்டேன்.

"பரீட்சையில் கடிக்கும், உட்கார்" என்றார்.