சித்திரைப் பூவும் ஊருணிக் கரையும்

அவைத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, கோயில் காரியக்காரர்களே, வெயிலைப் பார்க்காமல் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஆச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் அம்மாவுக்குத் தனி வணக்கம். சித்திரை மாதத்தில் பொன்னாடை போர்த்துவது அன்பா, தண்டனையா என்று பிறகு அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முன்கோடையில் தோட்டம் எப்படி இருக்கும் என்று பேசச் சொன்னார்கள். முதலில் பூ, அடுத்து இலை, மூன்றாவதாக மாடித் தோட்டம். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

கோடையில் எல்லாம் காய்ந்து போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நம் செட்டிநாட்டுச் செம்புறாங்கல் பூமியில் பங்குனி, சித்திரை, வைகாசிதான் மரங்களுக்குத் திருவிழா. சரக்கொன்றையைப் பாருங்கள். இலை கொட்டிய கிளையில் மஞ்சள் சரம் சரமாகத் தொங்குகிறது. மலையாளத்தார் விஷு அன்று கண் விழித்ததும் காணும் கனித் தட்டில் அதைத்தான் வைக்கிறார்கள். வேம்பு பூத்து வாசல் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. கூட்டி அள்ளி நிழலில் உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். குண்டுமல்லி விலை சரியும் காலமும் இதுதான். வாகை மரத்தடியில் சாயங்காலம் நின்று பாருங்கள், அத்தர் கடைக்காரர் தோற்றுப்போவார்.

ஏன் இப்போது பூக்கின்றன? இப்போது பூத்தால்தான் பல மரங்களின் விதை மழைக்காலத்துக்குள் முற்றிக் கீழே விழும், ஈரம் கிடைத்ததும் முளைக்கும். வேர் ஆழமாகப் போயிருப்பதால் மேலே மண் சுட்டாலும் மரத்துக்குக் கவலையில்லை. இலையை உதிர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது, மழைக்கு முன்பே புதுத் துளிரும் விடுகிறது.

இலை என்றதும் ஞாபகம் வருகிறது. புங்கையின் புதுத்தளிரைப் பார்க்காதவர்கள் பங்குனியில் ஒருமுறை திருப்பத்தூர் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போங்கள். அரசந்தளிர் செம்பு நிறம், மாந்தளிர் ஒரு நிறம். இலுப்பைத் தளிரும் அப்படித்தான், செம்பைத் தேய்த்து வைத்ததுபோல. சரி, இலுப்பைக்கு வந்துவிட்டேன். எங்கே தொடங்கினாலும் இவன் இலுப்பையில்தான் வந்து நிற்பான் என்று அங்கே யாரோ சிரிக்கிறார்கள். உண்மைதான்.

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்கிறோம். வேறு வழியில்லாதவன் பிழைப்பு என்ற தொனியில் சொல்கிறோம். சொன்னவர்கள் அந்தப் பூவைத் தின்று பார்த்திருக்கிறார்களா? விடிவதற்கு முன்பே தரையில் உதிர்ந்து கிடக்கும், வெள்ளை வெளேரென்று, சதைப்பற்றோடு. வாயில் போட்டால் தேன். இரவில் அதைத் தேடி வரும் பழந்தின்னி வௌவால்தான் மகரந்தம் சேர்க்கிறது. கொட்டையை ஆட்டினால் எண்ணெய். கோயில் விளக்கு அதில்தான் எரிந்தது. கட்டையில் தேர் செய்தார்கள். நம் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றிருக்கும் ஊருக்கு இலுப்பைக்குடி என்றே பெயர்.

இப்போது வீட்டுத் தோட்டத்தில் என்ன வைக்கிறோம்? என் மச்சான் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். பூர்வீக வீட்டு முகப்புக்கு முன்னால் பச்சைப்பசேலென்று புல்தரை வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோவையிலிருந்து லாரியில் பாய் பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்து புல் விரித்தார்கள். நின்ற முருங்கையை வெட்டினார்கள், கல்யாண முருங்கையையும் வெட்டினார்கள், புல்லுக்கு நிழல் ஆகாதாம். தண்ணீருக்கு டேங்கர் ஏற்பாடு. காவல்காரரிடம் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, “வாராவாரம் போட்டோ அனுப்பு” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

போட்டோ தவறாமல் போனது. பச்சைப்பசேல்! மச்சான் அங்கே நண்பர்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி மகிழ்ந்தார். சித்திரை போய் வைகாசி வந்தது, கத்தரி வெயில் கொளுத்துகிறது, புல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருநாள் அவர் வீட்டு அக்காதான் கவனித்திருக்கிறார். “ஏங்க, இந்தக் காக்கா ஏன் எல்லாப் போட்டோவிலும் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கு?” மதில் மேல் அதே காக்கா, அதே பக்கம் திரும்பிய அதே கழுத்து! எனக்குப் போன் செய்து போய்ப் பார்க்கச் சொன்னார்கள். போனேன். புல்லுமில்லை, ஒன்றுமில்லை. நாலு வெள்ளாடு படுத்துக் கிடந்தன. காவல்காரர் பதறவே இல்லை. “டேங்கர்காரன் வர்றதில்லைங்க. உள்ளதைச் சொன்னா அண்ணன் வருத்தப்படுவாரேன்னு பழைய படத்தையே அனுப்பிட்டேன்” என்றார். கொல்லையில் யாரும் ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றாத வேம்பு பூத்துச் சொரிந்துகொண்டிருந்தது.

பெண்கள் சிரிப்பு அடங்கட்டும். அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் எனக்கு ஒரு வகையில் பங்காளி, அதனால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன்.

நம் முன்னோர் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், விழுந்த மழையைப் பாத்திரத்தில் பிடித்தார்கள், மிச்சத்தை வாய்க்கால் வழியாக ஊருணிக்கு விட்டார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. வீட்டுக்குள் இருக்கும் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் காட்டிப் பெருமைப்படுகிறோம். ஊருணிக் கரையைப் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக் பையும். சில இடத்தில் அழகுபடுத்துகிறோம் என்று கரை முழுக்கச் சிமெண்ட் கல் பதித்து, நடுவில் தொட்டியில் ஒரு காகிதப்பூ. காகிதப்பூ மேல் எனக்குக் கோபம் கிடையாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் வெயிலைத் தாங்கி நிற்கிறதே, பாவம். கரையில் இலுப்பை நிற்க வேண்டிய இடத்தில் அதை வைத்துவிட்டு ‘பசுமை’ என்று பலகை மாட்டுகிறோமே, அதுதான் எனக்கு ஆகவில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இலுப்பையும் இல்லாத ஊருக்கு?

ஊர் நினைத்தால் நடக்காதா? வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அதுவும் நம் சிவகங்கை மாவட்டம்தானே?

பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஊருணியின் தென்கரையில் இன்னும் சிமெண்ட் போடவில்லை. அதை அப்படியே விட்டு எங்களுக்குக் கொடுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இலுப்பை விதை அதிக நாள் தாங்காது. ஆனி, ஆடியில் பழம் விழுந்ததும் பொறுக்கி உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். காய்க்கப் பத்து ஆண்டுபோல் ஆகும், பரவாயில்லை. பழம் பொறுக்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவதாகத் தலைமையாசிரியர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊன்றும் பைகளுக்கு ஆச்சிமார் பால் கவரைக் கழுவிச் சேர்த்து வையுங்கள்.

மாடித் தோட்டம் அடுத்த கூட்டத்தில். இந்தக் கரை வேலைக்குப் பெயர் கொடுப்பவர்களுக்கு வாசலில் நோட்டு வைத்திருக்கிறது, பேனாவைக் கொண்டுபோய்விடாதீர்கள். பந்தி போட்டாயிற்று என்று உள்ளேயிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.