லூகாஸ் ஆயிலுக்கு மறுபடியும் போக வேண்டும்

(இண்டியானா மாநிலம் லஃபாயெட்டில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில், 2025 அக்டோபர் 18 அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன திங்கட்கிழமை கல்லூரிக் கூடைப்பந்துக்கான ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசை வந்தது. சீசன் தொடங்கும் முன் விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் பட்டியல். அதில் நம் ஊர்ப் பர்டூ பல்கலைக்கழக அணி முதலிடம். சீசனுக்கு முந்தைய பட்டியலில் பர்டூவுக்கு முதலிடம் கிடைப்பது இதுதான் முதல் தடவை. மறுநாள் இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் வண்டியை நிறுத்தி, "பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் என் மனம் நேராக இந்த வருஷம் மார்ச் 28 ராத்திரிக்குப் போய்விட்டது. தேசியப் பட்டத்துக்கான மார்ச் போட்டியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தோடு ஆடிய அந்த ஆட்டத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் பாதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தோம். அங்கிருந்து பிடித்துப் பிடித்து ஏறி வந்து, 35 வினாடி இருக்கும்போது நம் கேம்டன் ஹைடி தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளி போட்டார். 60-60. என் வீட்டில் அப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான் இன்று பேச வந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. இரண்டு வினாடி சொச்சம் பாக்கி. பந்து ஹூஸ்டன் கையில். ரிங்குக்குப் பக்கத்திலேயே, எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று மிலோஸ் உசான் பந்தை உள்ளே போட வேண்டும். நம் பிள்ளைகளின் கண் வெளியே நிற்கும் ஷூட்டர்கள் மேல். உசான் பந்தை ஜோசஃப் டக்லரிடம் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். டக்லர் அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். உசானுக்கும் ரிங்குக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. எளிய லே-அப், ரிங்குக்குப் பக்கத்தில் போய் பந்தை உள்ளே போடுவது. 62-60. கடிகாரத்தில் 0.9 வினாடி.

நடுவில் ஒருவரும் இல்லை. போன சீசன் முழுக்க பர்டூவின் கதை அதுதான். அந்த இடத்தில் இந்த வருஷம் யார் நிற்கப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

அந்த ஆட்டம் நடந்த இடம் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். வரப்போகும் சீசனின் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம், எங்கே? ஏப்ரல் 4, 6 தேதிகளில் அதே லூகாஸ் ஆயிலில். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. மார்ச் மாதப் போட்டியில் 68 அணிகள். தோற்றால் வீடு. ஊர்த் திருவிழாவில் நடக்கும் நாக்-அவுட் மாதிரியேதான், இரண்டாவது வாய்ப்பே கிடையாது. பட்டம் வேண்டுமென்றால் வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். பர்டூ அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை. 1932-இல் நாட்டின் சிறந்த அணி என்ற பெயர் உண்டு, ஆனால் அப்போது இந்தப் போட்டியே கிடையாது. அந்த 1932 அணியில் ஆடிய ஜான் வுடன்தான் பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராகி, 1969 இறுதி ஆட்டத்தில் பர்டூவை 92-72 என்று தோற்கடித்தார். பர்டூவின் சொந்த அரங்கமான மேக்கி அரினாவின் முதல் ஆட்டத்திலும், 1967 டிசம்பரில், வந்து இரண்டு புள்ளியில் ஜெயித்துவிட்டுப் போனவர் அவரேதான். 1980-இல் ஃபைனல் ஃபோர் இதே இண்டியானாபொலிஸில் நடந்தது. அங்கேயும் பர்டூ யூசிஎல்ஏவிடம்தான் தோற்றது. அதற்கப்புறம் மறுபடி ஃபைனல் ஃபோருக்குப் போக 44 வருஷம் ஆயிற்று.

சரி, இப்போது அணிக்கு வருவோம்.

பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர், ட்ரே காஃப்மன்-ரென். மூவரும் இண்டியானாவில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். ஸ்மித்துக்கும் லாயருக்கும் இது நான்காவது வருஷம், காஃப்மன்-ரென்னுக்கு ஐந்தாவது. இதில் என்ன அதிசயம் என்று பத்து வருஷம் முன்னால் கேட்டிருக்கலாம். இன்றைய நிலவரம் வேறு. இந்த வசந்தத்தில் மட்டும் ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுத்தார்கள். ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தன் விளையாட்டு வீரர்களுக்கு வருஷத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். ஒரு பையன் நன்றாக ஆடினால் மறுநாளே பத்து இடத்திலிருந்து அழைப்பு வரும். அப்படிப்பட்ட காலத்தில் மூன்று பேர் ஒரே ஜெர்சியில் நின்றிருக்கிறார்கள். எனக்கு இந்த அணியின் மேல் இருக்கும் மரியாதையில் பாதி இதற்குத்தான்.

நின்றதற்குப் பலன் உண்டா? உண்டு. 2023 மார்ச்சில் ஸ்மித்தும் லாயரும் முதல் வருஷப் பையன்கள். போட்டியின் வரிசையில் கடைசி நிலையான 16-ஆம் நிலை அணி ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றார்கள். நாட்டிலேயே உயரம் குறைந்த அணி அது. நம்மிடம் 7 அடி 4 அங்குல சாக் ஈடி இருந்தார். ஆனால் பந்து அவரிடம் போய்ச் சேரவேண்டுமே! அந்தக் குட்டையான பையன்கள் பந்து கொண்டுபோகிறவர்களை மைதானம் முழுக்க விரட்டி விரட்டி நெருக்கினார்கள். 16 முறை பந்தை இழந்தோம். 26 மூன்று புள்ளி முயற்சியில் ஐந்துதான் விழுந்தது. அந்த ராத்திரி அழுத பையன்கள்தான் அடுத்த வருஷம் ஏப்ரலில் அரிசோனாவில் இறுதி ஆட்டம் ஆடினார்கள். கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றார்கள். ஈடி மட்டும் 37 புள்ளி. மூன்று புள்ளியில் அணி மொத்தமும் சேர்ந்து போட்டது ஒன்றே ஒன்று, அதுவும் ஏழு முயற்சியில். எதிராளி ஈடியைப் போடவிட்டு, மற்றவர்களை அடைத்துவிட்டார். இரண்டு தோல்வி, இரண்டு பாடம். இரண்டும் இப்போது ஸ்மித்தின் தலைக்குள் இருக்கின்றன. அவர் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது பாருங்கள், அவசரமே இருக்காது.

ஸ்மித்தைப் பற்றி இன்னும் ஒரு கணக்கு. போன சீசனில் ஆட்டத்துக்கு 15.8 புள்ளி, 8.7 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது). பர்டூ ஆடும் கான்ஃபரன்ஸான, அதாவது கல்லூரிகளின் கூட்டணியான, பிக் டென்னின் சிறந்த வீரர். மூன்று வருஷத்தில் மொத்தம் 758 அசிஸ்ட். கல்லூரிக் கூடைப்பந்தின் எல்லாக் காலத்துச் சாதனை டியூக்கின் பாபி ஹர்லி 1993-இல் விட்டுச்சென்ற 1,076. அதைத் தாண்ட இன்னும் 319 வேண்டும். போன வருஷ வேகத்தில் போனாலே மார்ச் வாக்கில் எட்டிவிடுவார், அணியும் மார்ச்சில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாயர் வெளியிலிருந்து போடுவதும், காஃப்மன்-ரென் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. பந்தை ரிங்கில் போடுவதில் இந்த அணிக்குக் குறையே கிடையாது.

குறை மறுபக்கத்தில். ஈடி போனபிறகு போன வருஷம் ரிங்குக்கு அடியில் நிற்கும் உயரமான சென்டர் இல்லாமல் போயிற்று. அதற்காகவே வந்த டேனியல் ஜேகப்சன், இவரும் 7 அடி 4 அங்குலம், சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து வருஷம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். காஃப்மன்-ரென் தன் இடமில்லாத சென்டர் இடத்தில் நின்று தாங்கினார். அவர் உயரம் 6 அடி 9. ரிங்கை நோக்கி வருகிறவனைத் தடுக்கப் போனால் ஃபவுல் விழும், ஃபவுல் சேர்ந்தால் அவர் வெளியே, அவர் வெளியே போனால் நம் புள்ளியும் போயிற்று. அதனால் தடுக்காமலே விட்ட லே-அப்கள் எத்தனை! பிப்ரவரியில் வரிசையாக நான்கு தோல்வி வந்ததே, மிச்சிகன், விஸ்கான்சின், மிச்சிகன் ஸ்டேட், இண்டியானா என்று, அதில் விஸ்கான்சின் ஆட்டம் மேக்கியில் நடந்தது. நம் வீட்டிலேயே வந்து 94 புள்ளி அடித்துவிட்டுப் போனார்கள். மேக்கியின் அந்த வட்டக் கூரைக்குக் கீழே சத்தம் காதைப் பிளக்கும், அது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கடைசி ஐந்து நிமிஷம் பக்கத்து வரிசையில் யாரோ சிப்ஸ் பொட்டலம் பிரிக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்த இடத்துக்குத்தான் பயிற்சியாளர் மேட் பெயின்டர் ஆஸ்கர் கிளஃபைக் கொண்டுவந்திருக்கிறார். ஆஸ்திரேலியக்காரர், 6 அடி 11. சவுத் டகோட்டா ஸ்டேட்டில் போன வருஷம் ஆட்டத்துக்கு 12.3 ரீபவுண்ட், அதாவது ரிங்கில் விழாமல் திரும்பி வரும் பந்து, எடுத்தவர். நாட்டிலேயே முன்வரிசைக் கணக்கு அது. ரீபவுண்டை உயரத்தால் எடுக்கிறவர்கள் உண்டு, இடுப்பால் எடுக்கிறவர்கள் உண்டு. கிளஃப் இரண்டாம் வகை. ஷாட் காற்றில் இருக்கும்போதே எதிராளியை முதுகால் தள்ளி இடத்தைப் பிடித்துவிடுவார், பந்து அப்புறம் தானாக அவர் கைக்கு வரும். சின்ன கான்ஃபரன்ஸில் செய்ததைப் பிக் டென்னில் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த வேலைக்குத் தேவை உடம்பும் பிடிவாதமும். அது கான்ஃபரன்ஸ் மாறினாலும் கூடவே வரும் என்று நம்புகிறேன்.

ஜேகப்சனும் திரும்பிவிட்டார். கோடையில் சுவிட்சர்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். கிளஃப், ஜேகப்சன் இருவரும் மாறி மாறி சென்டரில் நின்றால், காஃப்மன்-ரென் தன் சொந்த இடமான, சென்டருக்கு அடுத்த ஃபார்வர்டு இடத்துக்குப் போகலாம். ஃபவுல் பயம் குறையும். இந்த ஒரு மாற்றம் சரியாக உட்கார்ந்தால் போதும், அணியே வேறு அணி. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பெரிய ஆட்களை ஒன்றாக இறக்கினால், வெளியே நின்று மூன்று புள்ளி போடும் எதிரணியைத் துரத்த யார்? காஃப்மன்-ரென் இனி சென்டர்களை விட்டுவிட்டு, ஓடும் ஃபார்வர்டுகளைக் காக்க வேண்டும். நவம்பரில் அவர் கால்கள் இதற்குப் பதில் சொல்லும்.

பந்து கொண்டுபோகும், வெளியிலிருந்து ஆடும் கார்டுகளில் சி.ஜே. காக்ஸ், கிகாரி ஹாரிஸ் இரண்டாம் வருஷம். இஸ்ரேலிலிருந்து ஓமர் மேயர் வந்திருக்கிறார். மேயர் எனக்கு முக்கியமானவர், காரணம் ஸ்மித்தின் மூச்சு. பந்து கொண்டுபோகும் வேலையிலிருந்து ஆட்டத்துக்கு எட்டு நிமிஷம் ஸ்மித்துக்கு ஓய்வு கிடைத்தால் மார்ச்சில் அது தெரியும். ஹைடி டெக்சஸுக்கும் மைல்ஸ் கால்வின் வேக் ஃபாரஸ்ட்டுக்கும் போய்விட்டார்கள். அந்த இழப்பும் உண்டு.

எதிரே யார்? ஹூஸ்டன் மறுபடியும் பலமான அணி, உசானும் டக்லரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஃப்ளோரிடா நடப்புச் சாம்பியன். ஆனால் நான் பயப்படுவது பக்கத்து வீட்டு மிச்சிகனுக்கு. யாக்சல் லெண்டபோர்க், 7 அடி 3 அங்குல அடாய் மாரா, மோரஸ் ஜான்சன் என்று முன்வரிசை முழுக்க வெளியிலிருந்து கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நான்கு வருஷம் சேர்ந்து வளர்ந்த அணியும், ஒரே கோடையில் சேர்த்த அணியும் நேருக்கு நேர் நிற்கப் போகின்றன.

என் கணிப்பு என்ன என்று கேட்பீர்கள், சொல்கிறேன். பிக் டென் பட்டத்துக்கு மிச்சிகனோடு கடைசி வாரம் வரை இழுபறி. மார்ச்சில், கிளஃப் நிலைத்துவிட்டால், லூகாஸ் ஆயிலுக்கு நாம் மறுபடி போவோம். நிலைக்காவிட்டால் எத்தனை புள்ளி போட்டாலும் ஏதோ ஒரு ராத்திரி யாரோ ஒருவர் தடையில்லாமல் லே-அப் போடுவார்.

வரும் வெள்ளிக்கிழமை, 24-ஆம் தேதி, லெக்சிங்டனில் கென்டக்கியோடு பயிற்சி ஆட்டம். கணக்கில் சேராத ஆட்டம்தான், ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கென்டக்கியின் கார்டு பந்தோடு ரிங்கை நோக்கிப் பாயும்போது பந்தைப் பார்க்காதீர்கள். நம் சென்டரின் கால்களைப் பாருங்கள். அவர் ஒரு எட்டு முன்னால் வந்து நடுவில் நிற்கிறாரா என்று பாருங்கள். அடுத்த வாரம் இங்கே வரும்போது எத்தனை தடவை நின்றார் என்று எனக்குச் சொல்லுங்கள், நானும் எண்ணி வைத்திருப்பேன். நன்றி, வணக்கம்.